பருப்பு வேகாத கிணறு

தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்த் திரும்பிய அன்று தூறிய தூறல்தான் கடைசி. அதற்கு முன்பும் கார்த்திகை, மார்கழி மழை பேருக்குத்தான் பெய்திருந்தது. பிறகு மலாயாவின் கிள்ளான் வானத்துக்கு என்ன கோபமோ, ஒரு சொட்டைக்கூடக் கீழே விடவில்லை. மாசி போனது, பங்குனியும் பாதி போய்விட்டது. மத்தியானம் மூன்று மணியானால் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. துணி காயவில்லையே என்று பெண்கள் வானத்தைத் திட்டுகிற ஊர். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்தது, துவைக்கத்தான் தண்ணீர் இல்லை.

தனலெட்சுமி இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. இராமநாதபுரம் சீமையில் பிறந்தவள்.

"இதுக்குப் பேரு பஞ்சமா? எங்க ஊர்ல கல்யாணமாகி வந்த மருமக முதல் மழையைப் பார்க்கறதுக்குள்ள ரெண்டு புள்ள பெத்துடுவா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி ஒரே வரிசையாகப் பதினெட்டு வீடுகள். கடைசி வீடு அவளுடையது. அதன் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் அவளுடைய சாப்பாட்டுக்கடை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நாற்பது பேரை நாகையா கங்காணி தினமும் மத்தியானம் அங்கே கூட்டி வருவார். தனத்தின் கைப்பருப்புக்கு அவ்வளவு பேர். வெறும் பருப்பு, நாலு சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட மிளகாய், அவ்வளவுதான். ஆனால் அது வெந்து குழைந்து இலையில் விழுகிறபோது மூட்டை தூக்கிய தோள்வலி மறந்துபோகும் என்று அந்த ஆட்களே சொல்வார்கள்.

அவள் புருஷன் கன்னையா ரயில்வே கேட்டில் காவல். ரயில் வந்தால் கதவைச் சாத்துவான், போனால் திறப்பான், மீதி நேரமெல்லாம் பெண்டாட்டியைக் கேலி செய்வான். அவளும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

கடைக்குப் பின்னால் கிணறு. பதினெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். டவுன் குழாய் ஒன்றரை மைல் தள்ளி, அதையும் இப்போது காலையில் இரண்டு மணி நேரம்தான் திறந்தார்கள். மற்ற வருஷங்களில் கிணற்றில் குனிந்து செம்பால் மொள்ளலாம். இப்போது கயிறு கட்டி இறக்கினாலும் வாளி தரையைச் சுரண்டிக்கொண்டு, கலங்கிய தண்ணீரைக் கால் வாளிதான் கொண்டு வந்தது. தட்டு கழுவத் தண்ணீர் இல்லை என்று தனம் வாழை இலைக்கு மாறியிருந்தாள். இனி அரிசி கழுவவும் இருக்காது போலிருந்தது.

பெண்களெல்லாம் கிணற்றைச் சுற்றிக் கவலையோடு நின்றபோது தனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி எங்கே போயிடும்? கீழே போயிருக்கு. நாமளும் கீழே போனா பிடிச்சிடலாம்."

அவளுடைய அண்ணன் சபாபதிக்கு ஆள் அனுப்பினாள். ரயில் பாதை கேங்கில் அவர்தான் தலையாள். கடப்பாரையும் மண்வெட்டியும் மண்ணை இடித்து இறுக்குகிற திமிசுக்கட்டையும் அவர் கையில் எப்போதும் இருக்கும். ஊரில் அப்பாவோடு சேர்ந்து பதினாலு ஆள் ஆழத்துக்குக் கிணறு வெட்டியவர். அதைச் சொல்லாமல் அவரால் ஒரு வேளைச் சோறு தின்ன முடியாது.

"ஒன்றரை ஆள் ஆழம்! இதைக் கிணறுன்னு சொல்ல வெட்கமா இல்லை? அகல உழுவதைவிட ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னும் சொல்லியிருக்காங்க மச்சான்" என்றான் கன்னையா கேட்டிலிருந்து. யாரும் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை தொடங்கினார்கள். அடியில் கொஞ்சம் பழுப்பு மண், மக்கிய வேர்கள். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு களிமண். வழவழவென்று, வெட்டினால் மண்வெட்டியை விடாமல் கவ்வுகிற மண். ஒரு ஆள் ஆழத்துக்கு அதேதான். வெட்டி வெட்டிக் கரையில் மலைபோல் குவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் களிமண் முடிந்து, அடியில் மணலும் சிப்பியுமாக வந்தது. சிப்பியைப் பார்த்ததும் வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஏக சந்தோஷம். சுட்டால் சுண்ணாம்பு ஆச்சே என்று கூடையில் பொறுக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து மாக் லீமா தேங்காய்க் கூடையோடு வந்தாள். பாதைக்கு அந்தப் பக்கம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் இருக்கிறவள், தனத்துக்குத் தேங்காய் கொடுப்பவள், வயதும் தனத்தின் வயதுதான். அவள் ஒரு சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கடல் இருக்கிற திசையைக் கை காட்டி, "இது அதோட வீடு தனம், கதவைத் திறக்காதே" என்று மலாயில் சொன்னாள்.

தனத்துக்கு மலாய் நன்றாகத் தெரியும். சிரிப்புத்தான் வந்தது. கம்பத்துக் கிணற்றை அவள் பார்த்திருக்கிறாள். இடுப்பளவு ஆழம், மாடு புரளுகிற அகலம். குட்டை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். குட்டைக்காரி கிணற்றுக்காரிக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாளாக்கும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, "பார்க்கலாம் லா" என்று தேங்காயை வாங்கி வைத்தாள்.

மத்தியானம் சபாபதியின் கடப்பாரை ஓர் இடத்தில் பொதுக்கென்று இறங்கியது. தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு ஏறினார்கள். ஒரு நாழிகைக்குள் பழைய மட்டத்துக்கும் மேலே தண்ணீர் நின்றது. சூடம் கொளுத்தினார்கள், மஞ்சள் தெளித்தார்கள், சபாபதிக்கு மாலை போடவில்லை, அவ்வளவுதான் குறை. தனம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் கடுத்தது. புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று எல்லோருக்கும் சொன்னாள். கிள்ளானே வறண்டு கிடக்கிறபோது தன் வீட்டுப் பின்னால் தண்ணீர் தளும்புகிற பெருமையில் அவளுக்கு அன்று பசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை பருப்பு வேகச் சற்று நேரமானது. செவ்வாய்க்கிழமை இன்னும் நேரமானது. புதன்கிழமை வேகவே இல்லை.

விடியலில் ஏற்றிய குண்டான் பத்து மணிக்கும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் அமுக்கினால் பருப்பு நழுவி ஓடியது. விறகை மாற்றினாள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டாள், பக்கத்து வீட்டுக்காரியின் கண்பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நாற்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பருப்பை வாயில் போட்ட ஒருவன், "அக்கா, நாங்க மூட்டை தூக்குறவங்க, கல் உடைக்கிறவங்க இல்லை" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பதினோரு வருஷத்தில் அவள் கடையில் இலையில் பருப்பு மீந்தது அன்றுதான்.

தனத்துக்குக் கோபம் தலைக்கேறியது. குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக முனையிலிருக்கும் தம்புசாமி மளிகைக்கடைக்குப் போய், பலகையின்மேல் டொக்கென்று வைத்தாள்.

"என்ன பருப்புண்ணே இது? உங்க கல்யாணத்துக்கு வாங்கினதுல மிச்சமா?"

தம்புசாமி அதிகம் பேசாத மனிதர். ஆனால் சரக்கைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார். அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி பருப்பை எடுத்தார், கழுவினார், தேநீர் போடுகிற அடுப்பில் ஏற்றினார். "உட்காரு" என்று மட்டும் சொன்னார். தனம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து அவர் மூடியைத் திறந்து காட்டினார். பருப்பு பூவாக மலர்ந்திருந்தது. விரலால் தொட்டதும் மசிந்தது.

"இது வண்டியில கொண்டாந்த டவுன் குழாய்த் தண்ணி" என்றார் தம்புசாமி. "பருப்பு ஒண்ணுதான் தங்கச்சி. தண்ணிதான் வேற."

தனம் குண்டானை எடுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கிணற்றில் வாளியை நன்றாக ஆழத்தில் அமிழ்த்தி இழுத்தாள். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கிலேயே வைத்திருந்தாள். நாலு நாளாகக் குடித்துப் பழகியதில் தெரியாமல் இருந்தது இப்போது நன்றாகத் தெரிந்தது. உப்பு. சுத்தமான கடல் உப்பு. பதினெட்டு வீட்டுக்கும் இருந்த ஒரே கிணற்றை, கலங்கலோ குறைவோ நல்ல தண்ணீராக இருந்ததை, ஆள் வைத்துக் கெடுத்தவள் அவள்தான்.

சாயங்காலம் நாகையா கங்காணி வந்தார். நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆளுங்களுக்குச் சோறு முக்கியம் தாயி. டவுன் கடையில கேட்டிருக்கேன். அமாவாசை வரைக்கும் ஆளுங்க கட்டுச்சோறு கொண்டுவரட்டும், நான் பொறுப்பேன். அன்னைக்கு மத்தியானம் உன் பருப்பு வெந்துச்சுன்னா இங்கேதான். இல்லேன்னா அவங்களுக்கு வாக்குக் கொடுத்துடுவேன்."

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள்.

அடுத்த நாள் காலையில் தனம் பாதையைத் தாண்டிக் கம்பத்துக்குப் போனாள். மாக் லீமா கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தாள், அவள் செய்யவில்லை. தன் குட்டையருகே கூட்டிப் போய், பாக்குமட்டையால் செய்த வாளியில் ஒரு வாய் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குறைந்துதான் இருந்தது, ஆனால் இளநீர்போல் இனித்தது. தனம் குனிந்து குட்டையின் அடியைப் பார்த்தாள். அதே சாம்பல் களிமண். அதற்குமேல் அவர்கள் ஓர் அங்குலம்கூட வெட்டியிருக்கவில்லை. பக்கவாட்டு மண்ணில் தேங்கியிருந்த பழைய மழைத்தண்ணீர்தான் கசிந்து கசிந்து வந்துகொண்டிருந்தது. காலையில் நாலு வாளி எடுத்தால் பிறகு சாயங்காலம்வரை தொடமாட்டார்களாம்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் களிமண் ஒரு மூடி. மேலே மழைத்தண்ணீர், கீழே கடல். அவளுடைய ஊரில் ஆழத்தில் இருப்பது அமிர்தம், இங்கே ஆழத்தில் இருப்பது சமுத்திரம். மூடியைக் கடப்பாரையால் குத்தித் திறந்துவிட்டு அதற்குச் சூடம் வேறு கொளுத்தியிருக்கிறாள்! தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் தனத்துக்கு அழுகை வராது, வேலை ஓடும்.

திரும்பி வந்ததும் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"தோண்டச் சொன்னது நான். என் புத்திதான் கெட்டுப்போச்சு. அண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. தோண்டினதை இன்னைக்கே மூடப்போறேன்."

வறட்சியில் கிணற்றை மூடுவதா? எந்தக் காலத்திலும் மூடலாமா? கிணற்றைத் தூர்ப்பது மகாபாவம் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டியிருந்தது. சபாபதிக்கு முகம் கறுத்துப்போனது.

"கிணத்தைத் தூர்த்தவன் குடும்பம் விளங்காதுன்னு ஆத்தா சொன்னது மறந்துபோச்சா உனக்கு? தோண்டின கையால நான் மண்ணைப் போடமாட்டேன். உன் கடைப் பக்கமே இனி வரமாட்டேன்."

"கிணத்தைத் தூர்க்கலண்ணே. நாம போட்ட ஓட்டையை அடைக்கிறேன்" என்றாள் தனம். "பாவம்னா அது என் தலையில இருக்கட்டும். நீங்க திமிசுக்கட்டையை மட்டும் கொடுத்துட்டுப் போங்க."

அவர் கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கரையில் குவித்த களிமண் வெயிலில் செங்கல்லாகக் காய்ந்திருந்தது. தனம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டியை உடைத்தாள். அதைக் குழைக்கக் கிணற்றிலேயே தண்ணீர் இருந்தது, உப்புத் தண்ணீருக்குத்தான் பஞ்சமே இல்லையே. தனியாக மிதித்தாள். பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் ஐந்து பேர். ஒரு பக்கம் தண்ணீரை இறைத்து மட்டத்தைக் குறைத்துக்கொண்டே, மறுபக்கம் உருண்டை உருண்டையாக உள்ளே போட்டார்கள். கன்னையா கேட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது என்பதால் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் ஓடி வந்து, கயிற்றைப் பிடித்து இறங்கித் திமிசுக்கட்டையால் இடித்துவிட்டு ஓடினான்.

"என் வாழ்நாள்ல நீ சொன்னதைக் கேட்டு நான் குழியில இறங்குறது இது ரெண்டாவது தடவை தனம்" என்றான். முதல் தடவை கல்யாணம்.

நாலு நாள் பிடித்தது. சாம்பல் களிமண் பழைய மட்டத்துக்கு வந்ததும், உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினார்கள். பிறகு ஒரு பக்கக் கரையை இடித்து, களிமண்ணுக்கு மேலேயே கிணற்றை அகலப்படுத்தினார்கள். கிணறு இப்போது பாதிக் குட்டையாகிவிட்டது. தனம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கசிந்ததை மறுபடி இரண்டு தடவை இறைத்துக் கொட்டச் சொன்னாள். வறட்சியில் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறாளே என்று பெண்கள் பதறினார்கள்.

"மண்ணுல ஊறின உப்பு போகணும். கொட்டுங்க" என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல்.

அமாவாசை விடிகிற வரைக்கும் யாரையும் வாளி விட அனுமதிக்கவில்லை. வீடுகளுக்கெல்லாம் தம்புசாமியின் மாட்டுவண்டிதான் டவுன் குழாயிலிருந்து குடிக்க மட்டும் தண்ணீர் கொண்டுவந்தது. அமாவாசை காலையில் எட்டிப் பார்த்தாள். முழங்கால் அளவுகூட இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது. குடித்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் பட்டது, ஆனால் அத்தனை நாள் உப்பைக் குடித்த நாக்கை நம்புவதற்கில்லை. பக்கத்து வீட்டுக்காரி நல்ல தண்ணீர் என்றாள், அதற்கடுத்தவள் கரிக்கிறது என்றாள். நாக்குக்கு நாக்கு ஒரு தீர்ப்பு. பருப்பு ஒன்றுதான் பொய் சொல்லாது.

கிடைத்தது பதினாறு வாளி. வீட்டுக்கு அரை வாளி என்று முதலில் பிரித்துக் கொடுத்தாள். மீந்த தண்ணீர் நாற்பது பேர் சமையலுக்கு ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். முன்கூட்டி வேகவைத்துப் பார்க்க வழியில்லை. வெந்தால் வெந்தது, இல்லாவிட்டால் பதினோரு வருஷக் கடை அன்றோடு சரி.

"டவுன் குழாய்த் தண்ணியை ஊத்தி இன்னைக்கு ஒப்பேத்திடலாமே" என்று பக்கத்து வீட்டுக்காரி காதோடு சொன்னாள்.

"இன்னைக்கு ஒப்பேத்திட்டு நாளைக்கு யாரை ஏமாத்தறது?" என்று தனம் கிணற்றுத் தண்ணீரையே உலையில் ஊற்றினாள். பருப்பைக் களைந்து போட்டாள். மூடினாள். மூடிக்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இலை நறுக்கப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு நாகையா ஆட்களோடு வந்தார். மூடியைத் திறக்காமலே தனம் நாற்பது இலையையும் போட்டாள். சோறு வைத்தாள். இவளுக்கு என்ன தைரியம் என்று பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்போது வாசலில் சபாபதி வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் முதல் வரிசையில், முதல் ஆளை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

தனம் அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரண்டியை விட்டுக் கிளறிக்கூடப் பார்க்கவில்லை, தாளித்ததைக் கொட்டி, வாளியில் ஊற்றிக்கொண்டு நேராக அண்ணன் இலைக்கு வந்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், வருவது வரட்டும் என்று ஊற்றினாள்.

சபாபதி பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். கொட்டகையில் ஒருவர்கூட இலையில் கை வைக்கவில்லை. அவர் மென்றார், மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாததால் விழுங்கினார். இன்னொரு கவளம் போனது. மூன்றாவதும் போனது. பிறகுதான் அவருக்குத் தங்கை இன்னும் எதிரிலேயே நிற்பது தெரிந்தது.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறே? இன்னும் ஊத்து" என்றார்.

அவ்வளவுதான், கொட்டகையில் பேச்சுச் சத்தம் பெருகிவிட்டது. நாற்பது இலைக்கும் பருப்பு போனது. நாகையா எழுந்து வந்து மறுபடியும் சோறு கேட்டார். டவுன் கடைக்காரன் காத்திருந்திருப்பான், பாவம்.

தனம் வாளியைக் காலி செய்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். நாலு நாள் களிமண் மிதித்தபோதும், அண்ணன் கட்டையை வீசிவிட்டுப் போனபோதும் வராத அழுகை அப்போது வந்தது. தேங்காய் துருவுகிற பலகையில் உட்கார்ந்து, மடியில் கரண்டியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பன்னிரண்டரை ரயிலை அனுப்பிவிட்டு ஓடிவந்த கன்னையா பின்வாசலில் நின்று பார்த்தான். இலைகளையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். மெல்லப் பருப்புக் குண்டானை எடுத்து அவளுக்கு எட்டாத தூரத்தில் நகர்த்தி வைத்தான்.

"தள்ளி உட்கார்ந்து அழு தனம். கண்ணீர் உப்பு. மறுபடியும் பருப்பு வேகாம போயிடப்போகுது."

அவள் கரண்டியை ஓங்கினாள், அடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே சபாபதி மூன்றாவது தடவையாகப் பருப்பு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.